பெயருக்கு இருபது இடம்

டீக்கடையிலிருந்து வரும் கண்ணாடித் தம்ளரை அவர் உடனே வாயில் வைத்து நான் பார்த்ததே இல்லை. முதலில் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். டீ விளிம்பு வரைக்கும் நின்றால் எழுந்துபோய் இரண்டு வாய் டீயை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வந்து உட்காருவார். ஏன் சார் கொட்டுகிறீர்கள் என்று கேட்டால், "தளும்புனா கீபோர்டுல விழுகும். விழுந்தபெறகு அழுது என்ன செய்ய?" என்பார். நின்றபடியே இரண்டு வாய் குடித்தாலும் அளவு குறையத்தானே செய்யும்? அது அவருக்குத் தோன்றியதே இல்லை. அவரைப் பற்றி யாராவது விசாரித்தால் நான் முதலில் சொல்வது இந்த டீ விஷயத்தைத்தான்.

தேனியில் மதுரை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாடியில் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். எண்பதுகளின் கடைசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏசி ரூமுக்குள் போக வேண்டும். நான் மயிலாடும்பாறையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, வக்கீல் ஆபீஸ்களில் ஏறி இறங்கி அலுத்துப்போய் அங்கே வந்து சேர்ந்தவள். பெயர்களையும் முகவரிகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அவர் என்னை ஒரு நாளும் தப்பாகப் பார்த்ததில்லை. சம்பளத்தை இழுத்தடித்ததில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் வெறும் வயிற்றெரிச்சல் என்று ஆகிவிடும். வயிற்றெரிச்சலும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

சென்டருக்கு வருமானம் வந்தது கடிதங்களால். போடி ஏலக்காய்க் கடைக்காரர்கள், தேனி பஞ்சு வியாபாரிகள், ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை ஊர்ப்பட்ட பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. விஷயம் ஒன்றுதான், பெயரும் ஊரும் தேதியும் மட்டும் மாறும். இவர் மதுரையில் போய் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு வந்து, அதில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். கடிதத்தில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு சதவீதக் குறியும் ஒரு எழுத்தும் இருக்கும். ஓடவிட்டால் ஒவ்வொரு தாளிலும் அந்தக் குறி மறைந்து ஒரு ஆளுடைய பெயர் வந்து உட்காரும். கடிதம் எல்லாம் இங்கிலீஷில்தான். தமிழ் அந்த மெஷினுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

சாயங்காலம் காலேஜ் பையன்களுக்கு இதையே பாடமாக நடத்துவார். நானும் வேலை முடிந்து, பஸ்ஸுக்கு நேரமிருந்தால் பின்னால் உட்கார்ந்து கேட்பேன். போர்டில் ஒரு கடிதத்தை எழுதி, பெயருக்குரிய குறியைச் சுற்றி வட்டம் போடுவார்.

"இங்கன ஒரு பேரு வரும். எம்புட்டு நீளம் வரும்னு ஒனக்குத் தெரியுமாலே?"

"தெரியாது சார்."

"தெரியாதுல்ல? அப்பறம் எந்தத் தைரியத்துல வா வான்னு கூப்புட்டு உக்கார வைக்கிற? போடி பஸ்ல மூணு பேரு சீட்டு. நாலாவது ஆளு வந்து இடிச்சு உக்காந்தா என்னாகும்?"

"ஓரத்துல இருக்கறவன் விழுவான் சார்."

"விழுந்தவன் ஆருன்னு டிரைவருக்குத் தெரியாது. வண்டி அதுபாட்டுக்குப் போகும். மெஷினும் அப்பிடித்தேன். எங்கயோ போயி நின்னுரும். நீ அது நின்ன எடத்துல போயித் தேடுவ. தப்பு இங்கன இருக்கும்."

அதனால் வருகிற பெயரை முதலில் அளக்க வேண்டும். இடத்துக்குள் அடங்கினால் உட்கார வைக்க வேண்டும், அடங்காவிட்டால் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில், 'இத்தோடு முடிந்தது' என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு சைபர் போட வேண்டும். இந்த அளத்தல், வெட்டல், சைபர் மூன்றையும் அவர் மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்தார். அந்தக் கடைசி சைபரை மறந்த ஒரு பையனை ஒரு வாரம் மெஷினைத் தொடவிடவில்லை.

தீபாவளிக்கு முந்தி ஒரு தடவை கீழே இருந்த ஜவுளிக்கடைக்குக் கடிதம் அடித்தோம். பயிற்சிக்கு வந்த ஒருத்தன் கடைக்காரர் எழுதித் தந்த வாசகத்தை அப்படியே புரோகிராமுக்குக் காலி இடம் உள்ள கடித அச்சாகக் கொடுத்துவிட்டான். கடைக்காரர் தள்ளுபடி என்று எழுதிய இடத்தில் சதவீதக் குறி போட்டிருந்தார். மெஷின் அதையும் பெயர் வரும் இடம் மாதிரி ஒரு காலி இடம் என்று நினைத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு எண்ணைப் பொறுக்கிவந்து அங்கே போட்டது. வேட்டிக்கு என்ன தள்ளுபடி என்று கடவுளுக்கே தெரியாது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"அடுத்தவன் எழுதுனத அச்சா வைக்காதலே! அச்சு நம்மளது. அதுக்குள்ள ஊத்துற பாகுதேன் அவுகளது. வெல்லம் காய்ச்சுறவன் வீட்டுப் புள்ளதேன நீ? ஒங்கப்பன் பாகுலயா அச்சு செய்றாரு?"

கம்பம் பக்கத்துப் பையன் அவன். ஒரே நொடியில் புரிந்துகொண்டான். இதற்கெல்லாம் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. இன்றைக்கும் அந்த மரியாதையைப் பிடுங்கி எறிய முடியவில்லை, அதுதான் வேதனை.

ஆனால் அவர் வீட்டையும் அப்படித்தான் நடத்தினார். யாராவது கொஞ்சம் நீட்டிப் பேசினால் கையைத் தூக்குவார், அத்தோடு பேச்சு நின்றுவிட வேண்டும். மகளுக்கு உமா என்று பெயர் வைத்தார். எந்த மெஷினிலும் அடங்கும் என்று பெருமை வேறு. அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது நடந்ததை அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். கோம்பையிலிருந்து தாய்மாமன் வகையறா சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கியிருக்கிறது. இவர் ஐம்பது பேருக்கு என்று சொல்லி ஐம்பது பேருக்கு மட்டும் சமைக்க வைத்திருக்கிறார். வந்ததோ அதைவிட எக்கச்சக்கம். நம் பக்கத்தில் தாய்மாமன் வருகிறான் என்றால் அவன் தெருவே வரும், அது தெரிந்த விஷயம். அடுப்பில் இன்னொரு உலை வைத்தால் முடிந்தது. இவர் வாசலில் நின்று, "எலை முடிஞ்சிருச்சு மாப்ள. உள்ள வந்தவுக வந்தாக, மத்தவுக ஓட்டல்ல சாப்புட்டுக்கிருங்க" என்றிருக்கிறார்.

தாய்மாமன் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தும்வரை பொறுத்திருந்துவிட்டு, பந்தியில் உட்காராமல் சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "எம்பதுக்கு ஏற்பாடு செய்ங்கன்னு முந்தியே சொன்னேன், கேக்கல. பெறந்த வீட்டு வாசல அடச்சுட்டாரு ஆத்தா" என்று அந்த அம்மாள் என்னிடம் அழுதார். அவரோ கேட்பவர்களிடம் எல்லாம், "அம்பதுன்னு சொன்னேன். அதுக்கு மேல வந்தா அது அவுக தப்பு" என்றார். நான் அப்போது இதை ஒரு கிறுக்குத்தனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நம் வீட்டுக் கூரை எரியாதவரைக்கும் நெருப்பும் வேடிக்கைதான்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்தது. என் பெரியண்ணன் வீரணன், சின்னண்ணன் சேகர் இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. மில் மூடியிருந்த காலத்தில் எங்கள் வீடு என் சம்பளத்தில் ஓடியது. இரண்டு அண்ணிமாரும் வெங்காயம் எடுக்கக் கூலிக்குப் போனார்கள். ஒரு வழியாக மில்லைத் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பழைய டோக்கன் ஒன்றும் செல்லாது, கடிதம் வந்தவர்களை மட்டும் புது ஆள் மாதிரி எடுப்போம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்தக் கடிதங்களை அடித்துத் தரும் வேலை எங்கள் சென்டருக்கு வந்தது.

மில் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர்களை ஏற்றியவள் நான்தான். எங்கள் பக்கத்தில் ஒரே சாமி பெயரைத் தெருவுக்கு நாலு பேர் வைத்திருப்பார்கள் என்பதால், மில்லில் இனிஷியலோடு நிறுத்தாமல் அப்பா பெயரை முழுசாக முன்னால் போட்டு, ஆளுடைய பெயரைப் பின்னால் எழுதுவார்கள். எங்கள் அப்பா பெயர் முத்துக்கருப்பணசாமி. குலசாமி பெயர். முத்துக்கருப்பணசாமி வீரணன், முத்துக்கருப்பணசாமி சேகர் என்று இரண்டு அண்ணன்கள் பெயரையும் நான் முழுசாக அடித்தேன். அடிக்கும்போது அத்தனை சந்தோஷம். அச்சடிப்பதை மட்டும் அவர் யாரிடமும் விடமாட்டார். பிரிண்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே அடித்து, மடித்து, உறையில் போட்டு மில்லுக்கு அனுப்பினார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு உறை வந்தது. இரண்டிலும் ஒரே பெயர். தபால்காரர் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஒங்க வீட்டுக்காரர மில்லு வேலைக்குக் கூப்புடுறாக. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ!"

"அந்த மனுசன் போயிச் சேந்து எம்புட்டு வருசமாச்சு. உசுரோட இருந்தப்ப ஒரு பய கூப்புடல. இப்பத்தேன் தேடி வாராகளாக்கும்?" என்றாள் அம்மா. வீடே சிரித்தது. அப்பா வருசநாட்டு மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவர், மில் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. கடிதம் வந்ததே போதும், பெயரைப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று அண்ணன்கள் இருவரும் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனார்கள்.

வாசலை ஒட்டி, ஆள் வரவு குறிக்கிற டைம் ஆபீஸில் இருந்தவர் கையில் லிஸ்ட் இருந்தது. அதுவும் எங்கள் சென்டரில் அடித்ததுதான். அதில் எங்கள் அப்பா பெயர் அடுத்தடுத்து இரண்டு தடவை இருந்தது. ஒன்றின் மேல் சிவப்பு மையில் கோடு.

"ஒரே பேரு, ஒரே அட்ரஸு. டபுள் என்ட்ரி. ஒரு ஆளுதேன்."

"நாங்க ரெண்டு பேருல்ல சார் வந்து நிக்கிறோம்? ரிஜிஸ்டரப் பாருங்க" என்றிருக்கிறார் பெரியண்ணன்.

"ரிஜிஸ்டர் பழசு. மேலருந்து வந்தது இந்த லிஸ்ட்டு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுங்கிறியா?"

கூட வேலை பார்த்த மேஸ்திரி பக்கத்திலேயே நின்றிருக்கிறார். இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்தவர். ஆளைக் குறைக்க நிர்வாகம் காரணம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. மேஸ்திரி தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கடைசியில் டைம் ஆபீஸ்காரர் ஒரு வழி சொன்னார். பெயர் வெட்டுப்பட்டுப் போனது உண்மையென்றால், கம்ப்யூட்டர்காரர் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், சனிக்கிழமைக்குள் தந்தால் இரண்டு பேரையும் எடுக்கிறேன் என்றார். அண்ணன்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்கள். தங்கச்சி வேலை பார்க்கிற இடம், ஒரு கையெழுத்துத்தானே.

மறுநாள் காலையில் பையை வைப்பதற்கு முந்தியே அவரிடம் போய் நின்றேன்.

"சார், எங்க அண்ணமாரு பேரு வெட்டுப்பட்டு வந்திருக்கு."

அவர் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் கொண்டுவந்தார். நான் ஏற்றிய பெயர்கள் முழுசாக இருந்தன. பிறகு கடிதத்துக்குள் போன பெயர்களைக் காட்டினார். இரண்டு வரியிலும் அப்பா மட்டும் இருந்தார்.

"சரியாத்தேன வேல செஞ்சிருக்கு" என்றார்.

"இதுல என்ன சார் சரி?"

"பேருக்கு இருவது இடம். கடைசி இடம் சைபருக்கு. ஒங்கப்பா பேரும் ஒரு இடைவெளியும் வந்ததும் ரொம்பிருச்சு, வெட்டிருச்சு. வெட்டலேன்னா என்னாகும்? பக்கத்து இடத்துல வேலையில சேர வேண்டிய தேதி இருக்கு. அது மேல போயி விழுகும். தேதி அழிஞ்சிரும். மெஷினே நின்னாலும் நின்னுரும். ஒரு லெட்டராச்சும் கெட்டுருக்கா பாரு."

"வெட்டுனது சரி சார். வெட்டுனேன்னு திரையில ஒரு வரி வந்திருந்தா நான் பாத்திருப்பேன்ல? சத்தமில்லாமல்ல வெட்டிருக்கு."

 மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல் நின்றது. நான் சொன்னது உள்ளே போய்விட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நொடியில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

"ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். பேரு வெட்டுப்பட்டுப் போச்சு, இவுக ரெண்டு ஆளுன்னு. நானே டைப் அடிக்கிறேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

"எழுதிக் குடுத்தா என்ன அர்த்தம்? எம் புரோகிராம் தப்புன்னு அர்த்தம். பெறகு மில்லுக்காரன் இந்தப் படி ஏறுவானா? இருவது இடம் போதும்னு அவுகளும்தேன ஒத்துக்கிட்டாக?"

"எங்கண்ணே வேல போகுது சார்."

"நீளமா பேரு வச்சது ஒங்க தாத்தா. நானா வச்சேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கேலியாகச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்துவதாக அவருக்கு நினைப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் ஆறவில்லை. சனிக்கிழமை வரைக்கும் தினமும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினார். அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். "நான் சொல்லியா கேக்கப்போறாரு?" என்று அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை போனது. ஒரு ஆள் உள்ளே வரலாம், யார் என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். பெரியண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னண்ணி மாசமாக இருந்தாள். அம்மா நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "பெரியவனே, நீ தாட்டியமானவன். எங்கிட்டாச்சும் போயிப் பொழச்சுக்கிருவ. சின்னவன் போகட்டும்யா" என்றாள். "அப்பன் பேருல வந்த வேல மூத்தவனுக்குத்தேன. பெத்தவளே இப்பிடி ஓரவஞ்சன பண்ணலாமா?" என்று பெரியண்ணி கத்தினாள்.  பெரியண்ணன் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். சின்னண்ணன் செத்துப்போன அப்பா பெயரில் நூல் சுற்றப் போனார். அதற்குப் பிறகு இரண்டு அண்ணன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை. அம்மா செத்தபோதுகூடப் பந்தலின் இந்தக் கோடியில் ஒருத்தர், அந்தக் கோடியில் ஒருத்தர்.

நான் உடனே வேலையை விடவில்லை. விட்டால் வீட்டில் உலை கொதிக்காது. அடுத்த வாரமே சாயங்கால வகுப்பில் அவர் போர்டு முழுக்க எழுதி நடத்தினார். "வெட்டலாம்லே, தப்பில்ல. ஆனா வெட்டுனா வெட்டுனேன்னு சொல்லணும். சொல்லாம வெட்டுறது களவு." பையன்கள் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பிறகு சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். எங்கேயாவது என்னைப் பார்த்தால், சார் சொன்ன அந்த ஒரு பாடம்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது என்பார்கள். நான் சிரித்து வைப்பேன். அந்தப் பாடத்துக்கு என் வீட்டில் எவ்வளவு போனது என்று அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பெரியண்ணன் போய்ப் பல மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அவர் என்னைப் பிரிண்டர் அறைக்குள் கூப்பிட்டார். நான் அந்த அறைக்குள் போவது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் பூரிப்பு. புரோகிராமைத் திருத்தி எழுதிவிட்டாராம். வருகிற பெயர் எவ்வளவு நீளம் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளுமாம். இடம் கிடைக்காவிட்டால் வெட்டாமல் நின்று சொல்லுமாம்.

"பாரு" என்று பொத்தானைத் தட்டினார்.

பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. மில் கடிதம். மேலே முத்துக்கருப்பணசாமி வீரணன் என்று ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. கீழே வேலையில் சேர வேண்டிய தேதி, அதுவும் அழியாமல் இருந்தது. நீளமான பெயர் ஒன்று வேண்டியிருந்ததால் என் அண்ணன் பெயரை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"இப்ப எம்புட்டு நீளம் வந்தாலும் தாங்கும். நீ அன்னைக்குச் சொன்னதத்தேன் யோசிச்சுப் பாத்தேன்" என்றார். நான் சந்தோஷப்படுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத மில்லுக்குக் கொண்டுபோயிக் குடுக்கலாமா சார்?"

"இது டெஸ்ட்டும்மா" என்றார்.

தாளைக் கிழித்தெடுத்து, இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கசக்கிக் கூடையில் போட்டார். அந்த நேரத்தில் பெரியண்ணன் குமுளிக்கு மேலே மழையில் நனைந்துகொண்டு யாருடைய ஏலச்செடிக்கோ களை எடுத்துக்கொண்டிருந்திருப்பார். அவர் பெயர் முழுசாக அச்சாகி நான் பார்த்தது அந்த ஒரு தாளில்தான்.